புதிய தொடக்கப்பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களையும் அவர்களின் ஊரையும் அறிந்துகொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தொடக்கப்பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்குப் பாடத்திட்டமும் கால அட்டவணையும் முதல் நாளே கைக்கு வந்துவிடுகின்றன. வகுப்பில் வந்து உட்காரப்போகும் குழந்தைகளைப் பற்றி மட்டும் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளையும், அவர்களை வளர்க்கும் வீடுகளையும், அந்த வீடுகள் இருக்கும் ஊரையும் முதல் பருவத்திற்குள் எந்த வரிசையில், எந்த அளவுக்கு, எப்படித் தெரிந்துகொள்வது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. இதில் வரும் ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்கப்பட்டிருக்கிறது: நீங்கள் தெரிந்துகொண்ட செய்தி வகுப்பறையில் ஏதேனும் ஒன்றை, அது இருக்கையோ கேள்வியோ கணக்கோ எதுவாயினும், மாற்ற வேண்டும். எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தச் செய்தியைக் கேட்டு வாங்காமல் இருப்பதே நல்லது.

முதல் படி: பள்ளி திறப்பதற்கு முன்பு

மாணவர் பதிவேடுகளை முழுவதுமாக ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும் என்று தோன்றும். அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, வீட்டில் பேசும் மொழி, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு போன்ற உடல்நலக் குறிப்புகள், பார்வை மற்றும் செவித்திறன் பற்றிய விவரங்கள், சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்ட திட்டம், பள்ளி முடிந்ததும் குழந்தையை அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர் யார், உரிமை இல்லாதவர் யார் என்பன முதல் நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பழைய மதிப்பெண்களும் நடத்தைக் குறிப்புகளும் சில வாரங்கள் காத்திருக்கலாம். பிள்ளையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு அவற்றைப் படித்தால், நீங்கள் பார்த்ததோடு அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று ஒப்பிட முடியும். முன்பே படித்துவிட்டால் ஒப்பிடுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு பின்புலம் உண்டு. கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப்பள்ளியில் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் நடத்தி 1968-ஆம் ஆண்டு விரிவாக வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட சில பிள்ளைகள் அந்த ஆண்டு மிகவும் முன்னேறுவார்கள் என்று ஒரு தேர்வு காட்டுவதாக ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. ஆண்டிறுதியில், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தனர். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது குறித்துப் பிற்பாடு கடும் விவாதம் நடந்தது; பின்னர் செய்யப்பட்ட எல்லா ஆய்வுகளும் அதே முடிவைத் தரவில்லை. ஆனாலும், சிறு குழந்தைகள் மீது ஆசிரியர் வைக்கும் எதிர்பார்ப்புக்கு ஓரளவேனும் எடை உண்டு என்று எச்சரிக்கையாக இருப்பதற்கு அது போதுமான காரணம்.

சென்ற ஆண்டின் வகுப்பாசிரியரிடம் பேசுவது பயனுள்ளது. ஆனால் கேள்வியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். “இந்தப் பிள்ளை எப்படி?” என்று கேட்டால் ஒரு தீர்ப்பு கிடைக்கும். “அழத் தொடங்கினால் எப்படித் தேற்றுவீர்கள்? எந்த வேலையைக் கொடுத்தால் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து செய்து முடிப்பான்? யார் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவருக்குமே நல்லது?” என்று கேட்டால் நாளையே பயன்படக்கூடிய விடைகள் கிடைக்கும். வாயிற்காவலர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், பள்ளி வாகன ஓட்டுநர் ஆகியோரிடமும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். காலையில் யார் முதலில் வந்து தனியாக நிற்கிறார்கள், மாலையில் யாரை அழைத்துப்போக ஆள் வரத் தாமதமாகிறது என்பதெல்லாம் தலைமையாசிரியரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதே காலத்தில், பிள்ளைகள் நடந்துவரும் வழியில் நீங்களும் நடந்து பாருங்கள். பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் நடந்தால் ஒரே தெரு இரண்டு வேறு தெருக்களாகத் தெரியும். எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது, விளையாட இடம் இருக்கிறதா, அறிவிப்புப் பலகைகளில் என்னென்ன மொழிகள் இருக்கின்றன, எந்த வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள் என்று கவனியுங்கள். பெரிய சாலை ஒன்றைத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்துவர வேண்டிய எட்டு வயதுப் பிள்ளையிடம், தாமதத்திற்கு விளக்கம் கேட்கும் தொனி தானாகவே மாறிவிடும்.

இரண்டாம் படி: முதல் வாரத்தின் பெயர்களும் அறிமுகங்களும்

பெயரைச் சரியாக உச்சரிப்பது முதல் வேலை. பதிவேட்டில் இருக்கும் பெயரும் வீட்டில் அழைக்கும் பெயரும் வேறாக இருக்கலாம். வகுப்பில் எதைச் சொல்லி அழைக்க வேண்டும் என்பதைக் குழந்தையிடமே கேளுங்கள். உங்கள் நாவுக்குப் பழகாத பெயர் என்றால், அது ஒலிக்கும் விதத்தை உங்களுக்குப் புரியும் வகையில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லிப் பழகுங்கள். உச்சரிக்கக் கடினம் என்பதற்காகப் பெயரைச் சுருக்கிவிடும் வழக்கத்தை எந்தக் காரணத்திற்காகவும் தொடங்க வேண்டாம். தவறாகச் சொல்லிவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டு நகருங்கள். நீண்ட மன்னிப்பு வகுப்பு முழுவதையும் அந்தக் குழந்தையின் பக்கம் திருப்பிவிடும்.

அறிமுக விளையாட்டுகளில் பல, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், சில குழந்தைகளை முதல் நாளே ஒதுக்கிவிடுகின்றன. “விடுமுறையில் எங்கே போனாய்?” என்ற கேள்வி எங்கும் போகாதவர்களை வாயடைக்கச் செய்யும். குழந்தைப் பருவப் படம் கொண்டுவரச் சொன்னால், தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும், போரிலோ வெள்ளத்திலோ வீட்டை இழந்து வந்த பிள்ளையும் என்ன செய்யும்? அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று அச்சிட்ட கட்டங்களில் குடும்பத்தை வரையச் சொல்வதும் அப்படித்தான். எனவே ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும் முன், குடும்பம் எப்படிப்பட்டதாக இருந்தாலும், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிற்று மொழி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எல்லாக் குழந்தைகளாலும் கூச்சமின்றி இதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இந்தத் தேர்வில் தேறும் செயல்கள் இரண்டை நான் பரிந்துரைப்பேன். ஒன்று, கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, ஒவ்வொரு விரலிலும் அந்தக் கை செய்யத் தெரிந்த ஒரு வேலையை எழுதுவது அல்லது வரைவது. முடிச்சுப் போடுவது, பாப்பாவைத் தூங்கவைப்பது, மிதிவண்டிச் சங்கிலியை மாட்டுவது, விசில் அடிப்பது என்று வரும் விடைகளில் எந்தப் பாடநூலிலும் இல்லாத திறமைப் பட்டியல் ஒன்று உருவாகும். முதலில் நீங்கள் உங்கள் கையை வரைந்து காட்ட வேண்டும். இரண்டாவது, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரைவது. ஏழு வயதுக் குழந்தை வரையும் வழிப்படத்தில் தொலைவுகளுக்கு ஏற்ற அளவு இருக்காது. அச்சத்திற்கும் விருப்பத்திற்கும் ஏற்ற அளவே இருக்கும். பள்ளிக் கட்டடம் ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இருக்க, தெருமுனை நாய் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கலாம். ஒரு வீட்டுக் கதவு மட்டும் வண்ணம் தீட்டப்பட்டிருக்கலாம். “இந்தக் கதவைப் பற்றிச் சொல்லேன்” என்று கேட்டால், பள்ளி முடிந்து அம்மா வரும்வரை தான் அங்கேதான் இருப்பதாகக் குழந்தை சொல்லக்கூடும். அவசரத்தில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விண்ணப்பப் படிவத்தில் இல்லாத விடை அந்த வண்ணக் கதவில் இருக்கிறது.

மூன்றாம் படி: பார்த்ததை எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு மூன்று பக்கங்களை ஒதுக்கி, ஒரு நாளைக்கு நான்கு குழந்தைகள் வீதம் முறை வைத்துக் கவனியுங்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏழு பள்ளி நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். உங்கள் முடிவை எழுதக் கூடாது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம் என்பதால் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரே காட்சியைப் பற்றிய இரண்டு குறிப்புகள் இவை. முதலாவது: “எழுத்துப் பயிற்சியில் கவனமில்லை. சோம்பல். அடுத்தவரைப் பார்த்து எழுதுகிறாள்.” இரண்டாவது: “10.20, எழுத்துப் பயிற்சி. பென்சிலை மூன்று முறை சீவினாள். கரும்பலகையை நிமிர்ந்து பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து முதல் வரியை எழுதினாள். கதைப் புத்தகத்தை முகத்தருகே வைத்து நன்றாக வாசித்தாள்.” முதல் குறிப்பைப் படிக்கும் ஆசிரியர் அந்தப் பெண்ணைக் கண்டிப்பார். இரண்டாவதைப் படிப்பவர் அவளை முன்வரிசைக்கு மாற்றிவிட்டு, வீட்டாரிடம் கண் பரிசோதனை பற்றிப் பேசுவார். நேரமும் இடமும் குறித்து எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு: சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு சிறுவனின் சண்டைகள் எல்லாம் இடைவேளை முடிந்து வரிசையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நடக்கின்றன என்பது போன்ற ஒழுங்குகள் தெரியவரும். அப்போது திருத்த வேண்டியது சிறுவனையா, வரிசை நிற்கும் முறையையா என்று யோசிக்க வழி பிறக்கும்.

வாரக் கடைசியில், பதிவேட்டைப் பார்க்காமல் எல்லா மாணவர்களின் பெயரையும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முதலில் வருபவர்கள் அதிகம் பேசுபவர்களும் அதிகம் தொல்லை கொடுப்பவர்களுமாக இருப்பார்கள். கடைசியில் வந்தவர்களும் நினைவுக்கு வராமலே போனவர்களும்தான் அடுத்த வாரத்தின் முதல் நான்கு பேர். வகுப்பறையில் மிக எளிதாகக் காணாமற்போவது அமைதியான, ஒழுங்கான, சுமாராகப் படிக்கும் குழந்தை.

அமைதியான குழந்தைகளைப் பேசவைக்க ஒரு சிறு மாற்றம் பெரிதும் உதவும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அந்த இடைவெளியை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். மனத்திற்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். முதல் சில நாட்களில் அந்த மௌனம் உங்களுக்கு மிகவும் நீளமாகத் தோன்றும்.

யாருக்கு யார் துணை என்பதை அறிய, ஜேக்கப் மொரேனோ 1930-களில் உருவாக்கிய சமூக உறவு வரைபட முறையை எளிமையாகப் பயன்படுத்தலாம். “அடுத்த குழு வேலையில் யாரோடு சேர்ந்து செய்ய விரும்புகிறாய்? மூன்று பெயர் எழுது” என்று கேட்டு, பெயர்களை வட்டங்களாகவும் தெரிவுகளை அம்புக்குறிகளாகவும் வரைந்தால், யாரும் தேர்ந்தெடுக்காத குழந்தை யார் என்பது ஒரே பார்வையில் தெரியும். யாரைப் பிடிக்காது என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். வரைபடத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டு, அடுத்த குழுப் பிரிவில் அந்தத் தனித்த குழந்தையை அவன் தேர்ந்தெடுத்த ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். சில வாரங்களில் நட்புகள் மாறிவிடும் என்பதால் பழைய வரைபடத்தை நம்பியிருக்கவும் கூடாது.

நான்காம் படி: ஒவ்வொரு குழந்தையோடும் தனியாகப் பேசுவது

சிறு குழந்தைகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் நின்று ஒரு வேலை செய்துகொண்டே பேசும்போது தாராளமாகப் பேசுவார்கள். புத்தகங்களை அடுக்கும்போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், மைதானத்திற்கு நடந்து போகும்போதும் இரண்டு நிமிடம் கிடைக்கும். எந்தப் பிள்ளையோடு உங்களுக்கு அதிகம் மோதல் வருகிறதோ, அந்தப் பிள்ளையோடு பத்துப் பள்ளி நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு இரண்டு நிமிடம், பாடத்தையும் நடத்தையையும் பற்றி ஒரு சொல்கூட எடுக்காமல் பேசிப் பாருங்கள். இது ஆசிரியர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் உத்தி. அதன் நன்மை, குழந்தை மாறுவதற்கு முன்பே உங்கள் பார்வை மாறிவிடுகிறது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

“ஏன் அப்படிச் செய்தாய்?” என்ற கேள்வி சிறு பிள்ளைகளின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். “என்ன நடந்தது?”, “அப்புறம்?” என்ற கேள்விகளுக்கு அவர்கள் கதையாக விடை சொல்வார்கள். அந்தக் கதையில் பாதி கற்பனையாக இருக்கலாம். உண்மை எது என்று தோண்டித் துருவ வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் தடுமாற்றம் கூடாது. தன்னை யாரோ துன்புறுத்துவதாகவோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டதாகவோ, வீட்டில் பாதுகாப்பில்லை என்றோ ஒரு குழந்தை சொன்னால், அமைதியாக முழுவதையும் கேளுங்கள். நீங்களாக விவரம் கேட்டு விசாரணை நடத்தாதீர்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். குழந்தை பயன்படுத்திய அதே சொற்களில் எழுதி, அன்றே பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் நாட்டின் சட்டம் இதில் ஆசிரியருக்கு என்ன கடமையை வைத்திருக்கிறது என்பதைப் பள்ளி திறப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. 16-ஆவது பிரிவு அதன் அந்தரங்கத்திற்கும் காப்பளிக்கிறது. ஆசிரியர் இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் படி: வீட்டாரோடு முதல் தொடர்பு

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழுவது பயம்: பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதா, ஏதாவது தப்புச் செய்துவிட்டானா? எனவே முதல் அழைப்பு புகார் ஏதும் எழுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும், அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “வணக்கம். இந்த ஆண்டு உங்கள் மகளுக்கு நான்தான் வகுப்பாசிரியர். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல செய்திதான். இன்று கதை நேரத்தில் அலமாரியிலிருந்து சரிந்த புத்தகங்களை யாரும் சொல்லாமலே எடுத்து அடுக்கி வைத்தாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.” இதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். “ரொம்பப் பிடிவாதம், டீச்சர்” என்று தொடங்கும் தாய், கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், இருட்டு என்றால் மகளுக்குப் பயம் என்பதையும், சென்ற ஆண்டு பாட்டி இறந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை என்பதையும் சொல்வார். “நல்ல பிள்ளை” போன்ற பொதுவான பாராட்டை யாரும் நம்புவதில்லை; அன்று நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் ஆசிரியர் தம் பிள்ளையை உண்மையில் பார்த்திருக்கிறார் என்று வீட்டார் உணர்வார்கள்.

குழந்தையைக் கவனித்துக்கொள்பவர் எப்போதும் பெற்றோராக இருப்பதில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, அக்கா, காப்பக அலுவலர் என்று யாராகவும் இருக்கலாம். ஆகவே கடிதங்களிலும் படிவங்களிலும் “குழந்தையைக் கவனித்துக்கொள்பவர்” என்று எழுதுவது நல்லது. வீட்டாருக்குப் பயிற்று மொழி தெரியாவிட்டால் வயதுவந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். குழந்தையையே மொழிபெயர்க்க வைத்தால் தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சுமக்கும் சங்கடத்திற்கு அது ஆளாகும், சொல்லப்பட்டது முழுவதும் போய்ச் சேருமா என்பதும் உறுதியில்லை. எழுத்து வாசனை குறைந்த வீடுகளுக்குக் குரல் செய்தி அனுப்பலாம். வாட்ஸ்அப் குழு விடுமுறை அறிவிப்புக்குப் பயன்படும். ஒரு குழந்தையின் பெயரை வைத்து எதையும், பாராட்டாக இருந்தாலும்கூட, அதில் எழுதாமல் இருப்பதே நல்லது.

பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திற்கு வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று முடிவுகட்டும் பழக்கம் ஆசிரியர் அறைகளில் வேரூன்றியிருக்கிறது. இரவுப் பணி, கைக்குழந்தை, ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலை, தாம் படித்த காலத்தில் பட்ட அவமானத்தின் நினைவு என்று வராமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எந்த நேரம் அவர்களுக்கு வசதி என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால், வராதவர்களில் பலர் வருவார்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குச் செல்வது

வீட்டுக்குச் சென்று பார்ப்பது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமில்லை. தலைமையாசிரியரின் இசைவு முதலில் வேண்டும். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் 1990-களின் இறுதியில் தொடங்கிப் பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவிய வீட்டுச் சந்திப்பு முறையின் விதிகள் எங்கும் பொருந்தக்கூடியவை. வருகை இரு தரப்பின் விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும். சிக்கலான பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போகக் கூடாது. எல்லா வீடுகளுக்கும், அல்லது பாகுபாடு தெரியாதபடி கலந்து, போக வேண்டும். இருவராகச் செல்ல வேண்டும். முதல் சந்திப்பில் மதிப்பெண் பேசாமல், தம் பிள்ளை மீது அந்த வீட்டார் வைத்திருக்கும் நம்பிக்கையையும் கனவையும் கேட்க வேண்டும். வீட்டுக்கு அழைக்க விரும்பாதவர்களைப் பூங்காவிலோ நூலகத்திலோ சந்திக்கலாம். காரணம் கேட்க வேண்டாம். அவர்கள் முன்னிலையில் குறிப்பெடுக்காதீர்கள்; வீட்டை நோட்டமிடும் கண்களை யாரும் எளிதில் மறப்பதில்லை.

போவதற்கான மனநிலையைப் பற்றிச் சொல்ல இன்னொரு முன்னோடி முயற்சி உதவும். அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் அவரோடு பணியாற்றியவர்களும், மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக அனுப்பி, அந்தக் குடும்பங்களில் என்ன குறை என்று தேடாமல் என்ன அறிவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவரச் செய்து, 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டனர். வேளாண்மை, கட்டுமானம், பழுதுபார்ப்பு, மூலிகை மருத்துவம், வணிகம் என்று அவர்கள் கண்ட அறிவுக்குக் கணக்கில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மிட்டாயை விற்றுவந்த ஒரு மாணவனின் அனுபவத்திலிருந்து ஓர் ஆசிரியை முழுப் பாட அலகையே உருவாக்கினார். பிள்ளைகள் பொருட்களை ஆராய்ந்தனர், கணக்கிட்டனர், ஒப்பிட்டனர், எழுதினர். “வீட்டில் யார் எதைச் செய்யக் கற்றுக்கொடுப்பீர்கள்? பிள்ளை எதில் உங்களுக்கு உதவுவாள்?” என்ற இரண்டு கேள்விகளே இந்தக் கதவைத் திறக்கப் போதும்.

ஏழாம் படி: ஊரை அறிவது

ஒரு தாளின் நடுவில் பள்ளியை வரைந்து, பிள்ளைகளின் பேச்சிலும் வழிப்படங்களிலும் திரும்பத் திரும்ப வரும் இடங்களை அதைச் சுற்றிக் குறித்துவாருங்கள்: நூலகம், மைதானம், வழிபாட்டிடங்கள், பட்டறைகள், சந்தை, மருத்துவமனை, பேருந்து நிற்கும் இடம். பல வீடுகளுக்கும் பொதுவான ஆட்கள் யார் என்று கேளுங்கள். உடல்நிலை சரியில்லை என்றால் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், கடிதம் எழுத யாரிடம் போகிறார்கள், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்? பதவியில் இருப்பவர்களைவிட இவர்கள் வழியாகவே ஊர் எளிதில் புரியும்.

ஊர் என்பது ஒரே குரலில் பேசுவதில்லை. உள்ளே பிரிவுகள் இருக்கும், பழைய பகைகள் இருக்கும், வந்து குடியேறியவர்களுக்கும் முன்பிருந்தே வாழ்பவர்களுக்கும் இடையே உரசல் இருக்கும். முதலில் வந்து கைகுலுக்கியவர் எல்லாருக்காகவும் பேசுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். எந்தத் தரப்பின் நிகழ்ச்சிக்குப் போனாலும் இன்னொரு தரப்பின் நிகழ்ச்சிக்கும் போவதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஊர்க்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால், பேச்சைவிடச் செய்கை பிள்ளைகளைப் பிடித்து வைக்கும் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். தச்சர் ஒருவர் மூலைமட்டத்தை வைத்து ஒரு சட்டத்தின் மூலையைச் சரிபார்த்துக் காட்டும் பத்து நிமிடத்தில், செங்கோணம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எட்டாம் படி: தெரிந்ததைப் பாடமாக்குவது

வாரத்திற்கு ஒருமுறை நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் அந்த வாரம் தெரிந்துகொண்டது, வலப்பக்கத்தில் அதனால் அடுத்த வாரம் மாறப்போவது. மூன்று பிள்ளைகள் மாலையில் தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று இடப்பக்கத்தில் இருந்தால், வீட்டுப்பாடத்தின் ஒரு பகுதியை வகுப்பிலேயே முடிக்க நேரம் தருவது வலப்பக்கத்தில் வரும். பலர் வீட்டில் தையல் வேலை நடக்கிறது என்றால், நீள அளவைப் பாடத்தை அளவுநாடாவிலிருந்து தொடங்கலாம். வலப்பக்கம் வாரக்கணக்கில் காலியாகவே இருந்தால், நீங்கள் கேட்கும் கேள்விகளை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு பின்னணியைச் சேர்ந்த குழந்தையை அந்தப் பின்னணியின் பேச்சாளராக நிறுத்துவதும் ஒரு பொறி. “உங்கள் ஆட்கள் இதை எப்படிச் செய்வார்கள், சொல்” என்று வகுப்பின் முன் கேட்கப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு பெரிய சுமை. தானாகச் சொல்ல விரும்பினால் இடம் கொடுங்கள்; சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டு மொழியில் எண்ணவும், முதல் வரைவை எழுதவும், பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் அனுமதிப்பதற்கு இந்த ஆபத்து இல்லை. பயிற்று மொழி வந்து சேரும்வரை குழந்தையின் சிந்தனை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: குறிப்புகளைக் காப்பதும் கைமாற்றுவதும்

கவனிப்பு நோட்டுப்புத்தகத்தை மேசையில் திறந்து வைக்காமல் பூட்டி வையுங்கள். குடும்பத்தின் வருமானம், நோய், சட்டச் சிக்கல், குடியுரிமை நிலை போன்றவற்றை, பள்ளி அதிகாரபூர்வமாகக் கேட்டாலன்றி, எழுதவே வேண்டாம். பிள்ளைகளின் படங்களை உங்கள் சொந்தச் சமூக வலைதளப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். நகைச்சுவைக்காக அவர்கள் சொன்னதை, பெயரில்லாமல்கூட, அங்கே எழுத வேண்டாம். ஊர் சிறியதாக இருந்தால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

ஆண்டின் நடுவில் வந்து சேரும் குழந்தைக்கு மேலே சொன்ன எல்லாப் படிகளும் சுருக்கமாக மறுபடி வேண்டும்: பெயர், வழிப்படம், நல்ல செய்தியோடு ஓர் அழைப்பு. முதல் வாரத்திற்குத் துணையாக, அம்புக்குறி வரைபடத்தில் யாருமே தேர்ந்தெடுக்காதிருந்த ஒருவரை நியமித்துப் பாருங்கள். பல வேளைகளில் இருவருக்கும் அது பொருந்திவிடுகிறது. ஏற்கெனவே அறிந்த குழந்தைகளும் அப்படியே இருப்பதில்லை. வீடு மாறும், தம்பி பிறப்பான், அப்பா வேலை தேடி வெளியூர் போவார். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் கவனிப்புச் சுற்றை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள்.

ஆண்டு முடியும்போது அடுத்த வகுப்பாசிரியருக்கு ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் மூன்று வரி போதும்: எதில் ஆர்வம், எது தேற்றும், எந்த ஏற்பாடு வேலை செய்தது. குணத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் வேண்டாம். பள்ளியின் விதிப்படி பாதுகாக்க வேண்டிய ஆவணங்களை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, விதி இடங்கொடுத்தால், மீதிக் கவனிப்புக் குறிப்புகளைக் கிழித்துவிடலாம். அடுத்த ஆசிரியர் தம் கண்ணால் பார்த்துத் தம் நோட்டில் எழுதிக்கொள்வார்.